ஆறு பெட்டிகளில் ஒன்று நின்றபோது: அடர்சேமிப்பு சர்வர்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஒரு நுண்சில்லு ஆலையில் 2023 மே மாதம் ஆறு பெரிய சேமிப்பு சர்வர்கள் வந்து இறங்கின. ஓராண்டுக்குள் அதே டிஸ்க்குகளை ஒன்பது பெட்டிகளில் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. இடையில் நடந்ததை வேலைப் பதிவேடு, கூட்டக் குறிப்புகள், குழுவினரின் பேச்சு ஆகியவற்றிலிருந்து தொகுத்திருக்கிறேன். நான் அந்தச் சேமிப்புக் குழுவில் இருந்தவன். ஆலை, விற்பனையாளர், ஆட்கள் ஆகியோரின் பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

ஆலையில் ஒவ்வொரு வேஃபரும் (சில்லுகள் உருவாகும் வட்டமான சிலிக்கான் தகடு) பல கட்டங்களில் ஆய்வுக் கருவிகளின் கீழ் போய் வருகிறது. கட்டத்துக்குக் கட்டம் படம் எடுப்பதால் நாளொன்றுக்குச் சுமார் 2.5 டெராபைட் சேர்கிறது. கார் உதிரிபாகங்களுக்கு சில்லு வாங்கும் வாடிக்கையாளர்கள் அந்தப் படங்களை மூன்றாண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். பிறகு ஏதாவது ஒரு சில்லு பழுதானால், அது பிறந்த நாளின் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் 2.7 பெட்டாபைட். குறைகளைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க எடுக்கும் நகல்கள் தனி.

கிளவுடுக்குப் போகலாமே என்ற கேள்வி எழாமல் இல்லை. படங்கள் ஆலை வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று இரண்டு வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் எழுதியிருந்தது. பேச்சு அங்கேயே முடிந்தது. வெளியே ஒரு தரவு மையத்தில் ரேக் (சர்வர்களை அடுக்கும் உயரமான சட்டகம்) வாடகைக்கு எடுக்கவும் அதே விதி தடை. தடை இல்லாவிட்டாலும் விலை கட்டுப்படியாகியிருக்காது. 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய தரவு மையங்களுக்கு அரசு அனுமதியை நிறுத்தி வைத்திருந்ததால் இங்கே இடத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஆக, நான்காவது மாடியில் இருக்கும் சொந்த சர்வர் அறைதான் ஒரே வழி.

அந்த அறையில் 12 டிஸ்க் பிடிக்கும் 2 யூ (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) சர்வர்கள் இருபது ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு டிஸ்க்கும் 10 டெராபைட். எல்லாம் சேர்த்து 2.4 பெட்டாபைட், அதில் பயன்படுத்தக்கூடியது 1.6. அது நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. புதிய ரேக் வைக்க அறையில் இடம் மிகக் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் தூய்மை அறை. அதைத் தொட முடியாது.

வாங்கிய முறை

மேலே இருந்து டிஸ்க்குகளைச் செருகும் 4 யூ பெட்டிகளை விற்பனையாளர் முன்வைத்தார். சாதாரண சர்வரில் டிஸ்க்குகள் முகப்பில் மட்டும் இருக்கும். இதில் பெட்டியைத் தண்டவாளத்தில் வெளியே இழுத்து, மூடியைத் திறந்தால், உள்ளே 90 டிஸ்க்குகள் வரிசை வரிசையாக நிற்கும். 18 டெராபைட் டிஸ்க் போட்டால் ஒரு பெட்டிக்கு 1.62 பெட்டாபைட். ஆறு பெட்டிக்கு 9.72. நாலு ரேக்கில் இருந்ததைப் போல நான்கு மடங்கு, ஒரே ரேக்கின் 24 யூவில். நிதிப் பிரிவுக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் மென்பொருள் செஃப் (Ceph). பழைய அமைப்பிலும் அதுதான். ஒவ்வொரு தரவையும் நான்கு துண்டாக வெட்டி, இரண்டு காப்புத் துண்டு சேர்த்து, ஆறையும் ஆறு வேறு சர்வர்களில் வைக்கும் 4+2 முறை. ஏதேனும் நான்கு துண்டு கிடைத்தால் தரவு மீளும். ஆறு பெட்டி, ஆறு துண்டு: காகிதத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பயன்படுத்தக்கூடியது 6.48 பெட்டாபைட் என்று மதிப்பீட்டில் அச்சாகி வந்தது.

மதிப்பீட்டில் சரிசெய்த ஒன்று நினைவகம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் செஃப் ஒரு தனி நிரலை ஓட்டுகிறது. அதற்கு இயல்பாக ஒதுக்கும் நினைவகம் 4 ஜிகாபைட். 90 டிஸ்க்குக்கு 360. முதல் மதிப்பீட்டில் 256 ஜிகாபைட்தான் இருந்தது. அதை 512 ஆக்கினோம். வேக விஷயத்தில் யாரும் ஏமாறவில்லை. 90 டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் ஓடினால் நொடிக்கு 22 ஜிகாபைட் வரலாம் என்று விளம்பரத்தாள் சொல்லும். பெட்டியின் பின்னால் இருப்பதோ இரண்டு 25 ஜிகாபிட் கம்பிகள், அதாவது நொடிக்கு 6 ஜிகாபைட். படங்களைச் சேமிக்க அது தாராளம்.

பேசாமல் விட்டது ஒன்று: ஆறில் ஒரு பெட்டி நின்றால் அதன் துண்டுகள் எங்கே போகும்? ஏழாவது பெட்டி கிடையாது. திட்டத் தலைவி இதைக் குறிப்பில் எழுதியிருந்தார். "பெட்டி முழுதாக நிற்பது அரிது, உதிரிபாக ஒப்பந்தம் உண்டு" என்ற பதிலோடு அது கடந்து போனது. ஒப்பந்தமோ அடுத்த வேலை நாளில் பாகம் தரும் வகை. நான்கு மணி நேரத்தில் தரும் வகைக்குக் கேட்ட கூடுதல் விலையை நிதிப் பிரிவு அடித்துவிட்டது.

தரையும் எடையும்

பெட்டிகள் வருவதற்கு முன் அறையைப் பார்க்க வந்த கட்டட வசதி மேற்பார்வையாளர் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் எல்லைச் சாலையான காஸ்வே தாண்டி வருபவர். முப்பது வருட அனுபவம். விவரத்தாளைக் கையில் வாங்கி எடை இருந்த வரியை மட்டும் படித்தார். டிஸ்க் நிரப்பிய பெட்டி ஒன்று சுமார் 115 கிலோ.

எங்கள் இளம் பொறியாளர் கேட்டார்: "அண்ணே, பெட்டி முழுசா வெளியே இழுக்க வருமா?"

"வரும் தம்பி. ரேக்கும் கூடவே வரும்."

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். 115 கிலோவை ஒரு மீட்டர் முன்னால் இழுத்தால் ரேக்கின் எடை மையம் முன்னோக்கி நகர்கிறது. பெட்டிகள் மேல் பாதியில் இருந்து, ரேக் தரையோடு பிணைக்கப்படாமல் இருந்தால் கவிழும். ஆறையும் ஒரே ரேக்கில் வைத்தால் பெட்டிகள் மட்டும் 690 கிலோ. ரேக், மின்பட்டை, சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 850-ஐத் தாண்டும். அந்த எடை 0.72 சதுர மீட்டர் பரப்பில், அதுவும் நான்கு கால்களின் வழியாக இறங்குகிறது. கான்கிரீட் தளத்துக்கு மேலே இருப்பது கம்பிக் கால்களில் நிற்கும் உயர்த்திய தரை. தரை ஓட்டின் நடுவில் ரேக்கின் ஒரு கால் விழுந்தால் ஓடு வளையும்.

பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினோம். அவர் சொன்னபடி மூன்று ரேக், ரேக்குக்கு இரண்டு பெட்டி, இரண்டும் அடித்தட்டில், கால்களுக்குக் கீழே எடையைப் பரப்பும் எஃகுத் தகடு. பழைய ரேக்குகளின் ஆழம் 1,070 மில்லிமீட்டர்; புதிய பெட்டிக்கும் பின்னால் தொங்கும் மின்பட்டைக்கும் சேர்த்து அது போதவில்லை. 1,200 ஆழமுள்ளவை வாங்க வேண்டியிருந்தது. ஒரே ரேக் என்ற மிச்சக் கணக்கு அத்துடன் போயிற்று. பொறியாளர் சொன்ன அந்த மூன்று ரேக்கை மேற்பார்வையாளர் விடாமல் அடம் பிடித்தது ஓராண்டு கழித்து எங்களைக் காப்பாற்றியது. அது பின்னால் வரும்.

ஏற்றும்போது பெட்டிகள் வெறுமையாகத்தான் ரேக்கில் போயின. இருபது இருபதாக அட்டைப் பெட்டியில் வந்த 540 டிஸ்க்குகளை அப்புறம்தான் நிரப்பினோம்.

முதல் மாதங்கள்

ஜூலைக்குள் பழைய தரவு முழுவதும் புதிய பெட்டிகளுக்கு மாறியது. பழைய சர்வர்களை அணைத்து ரேக்கிலேயே விட்டிருந்தோம். டிஸ்க்குகளை அழித்துச் சான்றிதழ் தரும் நிறுவனத்துடன் ஒப்பந்தம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

டிஸ்க் மாற்றுவது பழைய சர்வரில் ஒரு நிமிட வேலை. இதில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியை மெல்ல இழுக்க, மற்றவர் பின்னால் கம்பித்தாங்கி சிக்காமல் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூடி திறந்ததும் காற்றோட்டம் குலைந்துவிடும். சில நிமிடங்களுக்குள் மூடிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. முதல் மாற்றத்தின்போது கணினித் திரை 47-ஆம் துளை என்றது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடத்திலும் 47 இருந்தது. ஆனால் அங்கே விளக்கு எரியவில்லை. பக்கத்துத் துளையில் எரிந்தது. மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, ஒட்டுத்தாள் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. இளம் பொறியாளர் விளக்கை நம்பியதால் நல்ல டிஸ்க் பிழைத்தது. அன்றே ஒவ்வொரு மூடியிலும் பூஜ்யத்தில் தொடங்கும் புதிய தாள் ஒட்டினார். அதன்பின் வரிசை எண்ணையும் படித்துச் சொன்ன பிறகே எந்த டிஸ்க்கிலும் கை வைப்பது என்றானது.

செப்டம்பரில் வெப்பம் தலைதூக்கியது. வெப்பமண்டலத் தட்பவெப்பத்தில் தரவு மையச் சாதனங்களை 26 டிகிரியிலும் அதற்கு மேலும் ஓட்டுவதற்கான சிங்கப்பூரின் எஸ்எஸ் 697:2023 தரநிலை அந்த ஜூனில் வந்திருந்தது. ஆலையின் மின்சக்திக் குழு அதைக் காட்டி அறையை 22-லிருந்து 26-க்கு உயர்த்தச் சொன்னது. கோரிக்கை நியாயமானதுதான். 2020-இலேயே இந்த நாட்டின் மின்சாரத்தில் 7 சதவீதத்தைத் தரவு மையங்கள் எடுத்துக்கொண்டன.

26-க்குப் போனதும் பெட்டிகளின் முன்வரிசை டிஸ்க்குகள் 34 டிகிரியில் இருந்தன. கடைசி வரிசை 47. காற்று முன்னிருந்து பின்னுக்கு ஒவ்வொரு வரிசையாகச் சூடேறிக்கொண்டே போவதால் இந்த வித்தியாசம் வரும். டிஸ்க் தாங்கும் எல்லை 60 என்பதால் ஆபத்தில்லை. ஆனால் ஃபேன்கள் 50 சதவீத வேகத்திலிருந்து 80-க்கு ஏறின. ஃபேனின் மின்செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவது; வேகம் 1.6 மடங்கானால் செலவு நான்கு மடங்கு. குளிரூட்டியில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை ஃபேன் தின்றது.

அதோடு, ஃபேனை ஒட்டிய வரிசைகளில் எழுதும் தாமதம் கூடியது. டிஸ்க்கின் உள்ளே சுழலும் தகட்டின் தடங்கள் மிக நெருக்கமானவை. அதிர்வு கூடினால் எழுதும் முனை தடம் விலகி மீண்டும் முயலும். 2008-இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் டிஸ்க் வரிசை முன்னால் நின்று கத்தியே தாமதத்தை ஏற்றிக் காட்டினார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். எங்கள் வரைபடமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஒரு பெட்டி மட்டும் மற்றவற்றைவிட மோசம்: கடைசி வரிசை 52 டிகிரி. திறந்து பார்த்தால், பழுதான இரண்டு டிஸ்க்குகளை எடுத்துப் போன விற்பனையாளரின் ஆள் துளைகளைக் காலியாக விட்டிருந்தார். காற்று எதிர்ப்பில்லாத அந்தச் சந்து வழியாகவே ஓடியது. பக்கத்து டிஸ்க்குகளுக்குக் காற்று எட்டவில்லை. வெற்று அடைப்பான்களைச் செருகியதும் இரண்டு மணி நேரத்தில் 46-க்கு இறங்கியது. ரேக்கில் காலியாக இருந்த இடங்களுக்கும் மூடித்தகடு போட்டோம். அறையை 25-இல் நிறுத்துவதென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. அந்த அக்டோபரில் இங்கே ஒரு தரவு மையத்தின் குளிரூட்டல் கோளாறால் இரண்டு வங்கிகளின் சேவை நின்ற செய்தி வந்ததும் 25 பற்றி யாரும் வாதாடவில்லை.

2024 பிப்ரவரி 9, வெள்ளி

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். பாதி நாள்தான் வேலை. மதியம் இரண்டு மணிக்கு நான்காவது பெட்டி அணைந்தது. மின்சாரம் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது, மதர்போர்டு எழுந்திருக்கவில்லை. 90 டிஸ்க்குகளும் நல்ல நிலையில்தான் இருந்தன. அவற்றைப் பேச வைக்க ஆள் இல்லை.

விற்பனையாளரின் உதவி எண்ணில், அவர்கள் 12 மணிக்கே மூடிவிட்டதாகப் பதிவுக்குரல் சொன்னது. ஒப்பந்தப்படி அடுத்த வேலை நாள் எது? சனியும் ஞாயிறும் பண்டிகை, ஞாயிறுக்கு ஈடாகத் திங்கள் விடுமுறை. செவ்வாய், 13-ஆம் தேதி. நான்கு நாள்.

மொத்தக் கொள்ளளவில் 34 சதவீதம் நிரம்பியிருந்தது. அதாவது நின்ற பெட்டியில் மட்டும் 0.55 பெட்டாபைட். ஒவ்வொரு தரவுக்கும் ஆறில் ஐந்து துண்டு மிச்சம். செஃப்பின் இயல்பு அமைப்பில் 4+2-க்கு ஐந்து துண்டு இருக்கும்வரை படிப்பதும் எழுதுவதும் நடக்கும். நான்காகக் குறைந்தால் தரவு அழியாது, ஆனால் அந்தப் பகுதி நிறுத்தி வைக்கப்படும். நாங்கள் அந்த விளிம்பில் நின்றோம்.

மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் கூட்டம். மூன்று வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, பழைய சர்வர்களில் எட்டை எழுப்பி, எட்டும் சேர்ந்து ஒரே பெட்டி என்று செஃப்பை நம்பவைத்து, காணாமல் போன துண்டுகளை அங்கே மீண்டும் உருவாக்குவது. எட்டிலும் சேர்த்து 960 டெராபைட் இருந்ததால் இடம் போதும். இளம் பொறியாளருக்கு இதில் ஆர்வம் அதிகம். நானும் முதலில் சாய்ந்தேன். திட்டத் தலைவி கேட்டது இதுதான்: 0.55 பெட்டாபைட்டை உருவாக்க நான்கு மடங்கு படிக்க வேண்டும், அதாவது 2.2 பெட்டாபைட். அவ்வளவும் மிச்சமிருக்கும் ஐந்து பெட்டிகளிலிருந்துதான் வரவேண்டும். நல்ல வேகத்தில் போனாலும் இரண்டு நாளைத் தாண்டும். செவ்வாய்க்கு முன் அதிகம் மிஞ்சாது; அந்த இரண்டு நாளும் இருக்கும் 450 டிஸ்க்குகளை உச்சத்தில் ஓட்டுவோம். போய்ச் சேரும் இடமும் ஐந்து வருடம் ஓடிய டிஸ்க்குகள். வேண்டாம் என்று முடிவானது.

இரண்டாவது, எதையும் தொடாமல் காத்திருப்பது.

மூன்றாவது, சுமையைக் குறைத்துக் காத்திருப்பது. அதையே எடுத்தோம். இரண்டு பழைய சர்வர்களை மட்டும் எழுப்பி, கருவிகளிலிருந்து வரும் புதிய படங்களை நேராக அங்கே எழுதச் செய்தோம். ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல். நான்கு நாளுக்குப் பத்து டெராபைட், அவ்வளவுதான். பயிற்சி வேலைகள், பழைய படங்களைக் களையும் வேலைகள் எல்லாம் நிறுத்தம். நின்ற பெட்டியை ஒதுக்கிவிட்டு வேறு இடம் தேட வேண்டாம் என்று செஃப்புக்குச் சொல்லும் கட்டளையை அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கொடுத்தோம். மொத்த அமைப்புக்கும் கொடுப்பதுதான் எல்லோருக்கும் கைப்பழக்கம். அப்படிக் கொடுத்திருந்தால் ஞாயிறன்று கதை வேறாகியிருக்கும்.

ஞாயிறு

காலை 9:40-க்கு இரண்டாவது பெட்டியில் ஒரு டிஸ்க் போனது. சாதாரண நாளில் அது ஒரு மின்னஞ்சல். அன்று பத்தே நிமிடத்தில் ஆய்வு நிலையங்களில் படங்கள் திறக்காமல் நின்றன.

போனது ஒரு பெட்டியின் 90-இல் ஒரு டிஸ்க். நிறுத்தப்பட்டது மொத்தத் தரவில் ஏறக்குறைய 1.1 சதவீதம். ஆனால் மூன்றில் இரண்டு கோப்பு திறக்கவில்லை என்று ஆலைத் தளத்திலிருந்து அழைப்பு வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது. செஃப் ஒரு கோப்பை 4 மெகாபைட் பொருள்களாக வெட்டிப் பரப்புகிறது. எங்கள் படத்தொகுப்பு ஒன்று சுமார் 400 மெகாபைட். அதில் நூறு பொருள்கள். ஒவ்வொன்றும் தப்பிக்க வாய்ப்பு 90-இல் 89. நூறும் தப்பிக்க வாய்ப்பு 33 சதவீதம். நூறில் ஒன்று மாட்டினாலும் கோப்பு திறக்காது. கொள்ளளவில் ஒரு சதவீதம் என்பது பயன்படுத்துபவருக்கு 67 சதவீதம். வாங்கும்போது எந்தத் தாளிலும் இந்தக் கணக்கு இல்லை. எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் படுவதே இதுதான்.

செஃப் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. டிஸ்க் போன பத்து நிமிடத்தில் அதை ஒதுக்கி, அதிலிருந்த 6 டெராபைட்டை அதே பெட்டியின் மற்ற 89 டிஸ்க்குகளில் மீண்டும் கட்ட ஆரம்பித்தது. 2020-இல் வந்த பதிப்பிலிருந்து துண்டு நான்காகக் குறைந்தாலும் இது நடக்கும்; அதற்கு முந்தியதில் நடக்காது. சுமையைக் குறைத்திருந்ததால் மீட்புக்கு வழி கிடைத்தது. மீட்பின் வேகத்தை உயர்த்தினோம். மதியத்துக்குள் பாதிக் கோப்புகள் திறந்தன. மாலை ஐந்துக்கு முழுதும் முடிந்தது.

அந்த ஏழு மணி நேரத்தில் மூன்றாவது பெட்டியில் ஒரு டிஸ்க் போயிருந்தால், இரண்டு டிஸ்க்கிலும் பொதுவாக இருந்த பகுதிகளுக்கு மூன்று துண்டுதான் மிஞ்சியிருக்கும். அப்படியானால் நான்காவது பெட்டி எழும்வரை அந்தத் தரவு கைக்கு எட்டாது. அது எழாமலே போனால் தரவே இல்லை.

இளம் பொறியாளர் உதிரி டிஸ்க்கோடு ஆலைக்கு வந்துவிட்டார். திட்டத் தலைவியிடம் கேட்டார்: "அக்கா, மாத்திடட்டுமா? பத்து நிமிஷம்தான்."

"பெட்டிய இழுக்காதே. இப்ப எல்லாம் அதுலதான் நிக்குது. செவ்வாய் பாத்துக்கலாம்."

சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். மீட்புக்குப் புது டிஸ்க் தேவையில்லை. ஓடும் பெட்டியை வெளியே இழுத்து, பின்னால் ஒரு கம்பி கழன்றால், 90 டிஸ்க்குகள் ஒரே நொடியில் போகும்.

தளத்தில் சில தொகுதிகள் படம் பார்க்க முடியாமல் காத்து நின்றன. உற்பத்தி நிற்கவில்லை, கருவிகள் பழைய சர்வர்களில் எழுதிக்கொண்டே இருந்தன.

செவ்வாய்

காலை பதினொன்றுக்கு மதர்போர்டு வந்தது. மாற்றி எழுப்ப மூன்று மணி நேரம். நான்கு நாளில் புதிதாக எழுதியது மிகக் குறைவு என்பதால், நான்காவது பெட்டி சேர்ந்த பிறகு விடுபட்டதை மட்டும் ஒத்திசைத்து மாலைக்குள் முடிந்தது. தரவு இழப்பு இல்லை.

அப்புறம் எடுத்த முடிவு

மார்ச்சில் நடந்த மீளாய்வில் விற்பனையாளர் சொன்ன தீர்வு ஏழாவது பெட்டி, முழுதாக 90 டிஸ்க்குடன். அது வேலை செய்யும். ஆனால் ஒரு பெட்டி நின்றால் 1.62 பெட்டாபைட் ஒரேயடியாக நிற்பது மாறாது.

திட்டத் தலைவி வேறொன்று கேட்டார்: டிஸ்க்கே வேண்டாம், மூன்று வெறும் பெட்டி கொடுங்கள். 540 டிஸ்க்குகளை ஒன்பதில் பிரித்தால் பெட்டிக்கு 60. ஒரு பெட்டி நின்றால் மற்ற எட்டில் துண்டுகளுக்கு இடம் கிடைக்கும். ஆள் தொடாமலே ஆறு துண்டும் நிரம்பும். 30 டிஸ்க் குறைவதால் பெட்டியின் எடை 20 கிலோவுக்கு மேல் இறங்கியது, ஃபேனும் அடங்கியது. காலித் துளைகளுக்கு அடைப்பான் உண்டு.

மூன்று ரேக் ஏற்கெனவே இருந்ததால் ரேக்குக்கு மூன்று பெட்டி என்று அமைந்தது. கட்டமைப்புப் பொறியாளர் மீண்டும் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார். ஒரே ரேக்கில் அடுக்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு துண்டு என்று விதி போட்டு, ரேக்கே போனாலும் தரவு பிழைக்கச் செய்யலாமா என்று யோசித்தோம். அப்படிச் செய்தால் ஒரு பெட்டி நின்றதும் அதன் சுமையை அதே ரேக்கின் மற்ற இரண்டும்தான் தாங்க வேண்டும். செஃப் 85 சதவீதத்தில் எச்சரிக்கும். அதற்குள் நிற்க வேண்டுமானால் சாதாரண நாளில் 56 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. பெட்டி அளவிலான விதி என்றால் 75 வரை போகலாம். பயன்படுத்தக்கூடிய அளவில் 3.6 பெட்டாபைட்டா, 4.8-ஆ என்ற வித்தியாசம். ரேக்குகளுக்கு இரண்டு தனி மின்வழி இருப்பதால் பெட்டி விதியே போதும் என்று விட்டோம். மதிப்பீட்டில் அச்சாகியிருந்த 6.48 இனி யாருடைய தாளிலும் இல்லை.

6+2-க்கு மாறினால் இடம் மிச்சமாகுமே என்று நிதிப் பிரிவு கேட்டது. மாற, தரவு முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு துண்டைக் கட்ட நான்குக்குப் பதில் ஆறு இடத்தில் படிக்க வேண்டும். மறுத்தோம்.

டிஸ்க் நகர்த்தும் வேலை ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நடந்தது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியிலிருந்து ஐந்து டிஸ்க், அதுவும் மென்பொருளில் காலி செய்த பிறகு. சலிப்பான வேலை, சொல்ல ஒன்றும் இல்லை.

மாறியவையும் நிலுவையும்

மதர்போர்டும் மின்வழங்கியும் தலா ஒன்று இப்போது அறையிலேயே அலமாரியில் இருக்கின்றன. ஒப்பந்தத்தை உயர்த்துவதைவிட இது மலிவாக முடிந்தது. ஒப்பந்தத்தில் "வேலை நாள்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் விடுமுறைத் தேதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். சீனப் புத்தாண்டு, தீபாவளி, ஹரி ராயா வாரங்களுக்கு முன் ஒரு பெட்டியை அணைத்துப் பார்க்கும் ஒத்திகை உண்டு. ஜூலையில் நடந்த முதல் ஒத்திகையில் ஒரு பெட்டியை ஒரு மணி நேரம் அணைத்தோம். மீட்பு தானே தொடங்கியது, தளத்திலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை.

புதிதாக எது வாங்கினாலும் மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் இரண்டு எண் கேட்கிறோம்: 70 சதவீதம் நிரம்பிய ஒரு பெட்டி போனால் மீள எத்தனை மணி நேரம், அந்நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் எத்தனை சதவீதக் கோப்பு நிற்கும். எங்கள் ஒன்பது பெட்டிக்கு முதல் எண் சுமார் 52 மணி நேரம், ஒவ்வொரு பெட்டியும் மீட்புக்கு நொடிக்கு அரை ஜிகாபைட் ஒதுக்கினால். அது நீளம்தான். ஆனால் அந்த நேரத்தில் ஆள் தேவையில்லை.

முடியாமல் இருப்பது தீயணைப்பு வாயு. அறையில் இருப்பது மந்த வாயு. திறந்தால் குழல்முனைகள் விமானம் போலக் கத்தும். 2016-இல் புக்கரெஸ்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் அப்படி ஒரு சோதனையின் சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாயின. ஒலி குறைக்கும் குழல்முனைக்கு மேற்பார்வையாளர் விலை கேட்டு அனுப்பியிருக்கிறார். அது வரும்வரை வாயுச் சோதனை எதையும் அறையில் நடத்த விடுவதில்லை.